நான் போட்ட புகை

மலையுச்சியில் நின்றுகொண்டு, எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று நான் சொன்னது பொய். ஒருவன் வரவில்லை. அவனைப் பாதி வழியில் விட்டுவிட்டு வந்தவன் நான்தான். அன்று சாயங்காலம் குழாயடியில், பெரியவர்கள் எல்லாருக்கும் முன்னால், அதே பொய்யை இன்னொரு முறை சொன்னேன். முதல் பொய்க்கு என் பதினான்கு வயதைக் காரணம் சொல்லலாம். இரண்டாவதற்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் தோட்டத்தில் வளர்ந்தவர்களே, வருடத்துக்கு ஒரு தடவை பத்தாங் காலியில் மண்டபம் எடுத்து ஒன்றுகூடுகிறோம். சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் மலையேறிய கதையை ஆரம்பிப்பீர்கள். அட்டைக் கடி, வழுக்குப் பாறை, பிஸ்கட் டின்னில் கொண்டுபோன முறுக்கு, எல்லாம் வரும். நான் அப்போது கை கழுவப் போகிறவன் போல எழுந்து வெளியே போய்விடுவேன். திரும்பி வரும்போது பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். இந்த முறை நான் எழுந்து போகப்போவதில்லை.

நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் வழக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் தொடக்கம். கலும்பாங் ஊரிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம். தீபாவளிக்கு மறுநாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டு கிடையாது. அன்று காலையில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து தோட்டத்துக்குப் பின்னால் இருந்த மலையில் ஏறுவோம். தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையோடு போகக் கூடாது என்று எல்லா வீட்டிலும் சத்தம் போடுவார்கள். எல்லாரும் புதுச்சட்டையோடுதான் போவோம்.

மேலே போனதும் கட்டிப்பாலைக் கொளுத்துவோம். மரத்தில் கட்டிய பால் மங்கில் உறைந்துபோகும் மிச்சப் பால்தான் கட்டிப்பால். ஒரு சாக்குத் துண்டில் கட்டித் தூக்கிக்கொண்டு போவோம். நாற்றம் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது எரியும்போது தார் போலக் கறுப்பாகப் புகை எழும்பும். கீழே லயத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும். அம்மாமார்கள் குழாயடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். புகையைப் பார்த்ததும் கை தட்டிவிட்டு உள்ளே போய்ச் சமையலைப் பார்ப்பார்கள். அந்தப் புகைக்கு அர்த்தம் ஒன்றுதான்: பிள்ளைகள் எல்லாரும் பத்திரமாக உச்சிக்கு வந்துவிட்டார்கள்.

அதனால் அதில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எல்லாருக்கும் முன்னால் பெரியண்ணன் போவார். அவர் புல்வெட்டுக்காரர் ஒருவரின் மகன். பதினேழு வயது இருக்கும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தானும் புல் வெட்டிக்கொண்டிருந்தார். கையில் பாராங் கத்தி வைத்து வழியில் நீட்டிக்கொண்டிருக்கும் செடிகளை வெட்டிக்கொண்டே ஏறுவார். எல்லாருக்கும் கடைசியில் ஒருவன் வர வேண்டும். அவனுக்கு 'வால்' என்று பெயர். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. வால் மேலே வந்து சேர்ந்தால் எல்லாரும் வந்ததாகக் கணக்கு. பெரியண்ணன் கேட்பார், வால் பதில் சொல்வான், அதன் பிறகு தீப்பெட்டி வாலின் கைக்கு வரும். கொளுத்துகிற உரிமை அவனுக்குத்தான்.

அந்த வருடம் என்னை வால் என்று சொல்லிவிட்டார்கள். முதல் நாள் இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

நான் விட்டுவிட்டு வந்தவனை நண்பன் என்று மட்டும் சொல்கிறேன். உங்களில் பலருக்கு அவன் பெயர் நினைவில் இருக்கும், எழுத என் கை வரவில்லை. என்னைவிட இரண்டு வயது சிறியவன். இழுப்புக்காரன். முந்தின இரண்டு வருடமும் மூங்கில் காடு வரைக்கும் வந்து, மூச்சு முட்டி, யாராவது துணையோடு வீட்டுக்குத் திரும்பியவன். அப்பா இல்லை. அம்மா பால் வெட்டினார்கள். சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் பாத்திரம் கழுவிக் கொடுத்தார்கள். என் அப்பா தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. கிராணி வீட்டுப் பிள்ளை லயத்தில் சுற்றக் கூடாது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். நான் அந்த அம்மாவை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு அவர் வீட்டுப் படியில்தான் கிடப்பேன்.

அன்று காலை அத்தை என் கையில் தண்ணீர் போத்தலைக் கொடுத்தார்.

"தம்பி, இந்த வருசமாச்சும் இவன மேல கொண்டு போயிடுப்பா. ராத்திரியெல்லாம் அதே பேச்சு."

"மேல போனதும் நானே கத்துவேன்மா. நீ காதத் தொறந்து வச்சுக்கோ," என்றான் நண்பன்.

"ஒன் தொண்டைக்கு? பொகையப் பாத்தாப் போதும், போடா."

ஏறத் தொடங்கியபோது வெயில். ரப்பர் காட்டைத் தாண்டி லாலாங் புல் வந்தது. கால் முழுக்கக் கீறல். மூங்கில் காட்டுக்கு வந்தபோது வானம் ஒரு பக்கம் கறுத்திருந்தது. நவம்பர் மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். நண்பன் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு விம்மி விம்மி இறங்கியது. உள்ளே விசில் ஊதுவது போல ஒரு சத்தம்.

"கொஞ்சம் இருடா."

இருந்தேன். உண்மையாகவே இருந்தேன், கொஞ்ச நேரம். மேலே பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "வால் எங்கடா? வாலக் காணோம், பூனை கடிச்சிருச்சா?" என்று யாரோ கத்த, எல்லாரும் சிரித்தார்கள். காற்று திரும்பியது. மழை வந்தால் கட்டிப்பால் பற்றாது. தீப்பெட்டி என் கைக்கு வராது. அடுத்த வருடம் வேறு யாரையாவது வாலாக்குவார்கள்.

"வாடா, மழை வருது."

"தண்ணி குடு."

கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தான். நான் போத்தலை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். ஏன் அதை அவனிடமே விட்டுவிட்டு வரவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"மெதுவா வா. முடியலன்னா வீட்டுக்குப் போயிடு. வழி தெரியும்ல?"

"நீ போறியா?"

"தோ, மேலதானே இருக்கேன்."

நான் ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

உச்சி மொட்டைப்பாறை. பிள்ளைகள் காற்றுக்கு ஒதுங்கி அங்கங்கே பாறை இடுக்குகளில் உட்கார்ந்து முறுக்கைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் ஒழுங்காகப் பார்க்க முடியாத குழப்பம். பெரியண்ணன் சாக்கைப் பிரித்துக் கட்டிப்பாலைக் குவித்து வைத்திருந்தார்.

"எல்லாம் வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"ஒனக்குப் பின்னால யாரும் இல்லையே?"

"இல்லண்ணே."

தீப்பெட்டியைக் கொடுத்தார். மூன்றாவது குச்சியில் பற்றியது. கறுப்புப் புகை வளைந்து வளைந்து மேலே போனது. எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தையும் எழுதித்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வரவில்லை.

மழை இறங்கியது. வந்த வழி வழுக்கும் என்பதால் எப்போதும் மறுபக்கமாக இறங்கி, ஆற்றில் குளித்துவிட்டுத்தான் லயத்துக்குப் போவோம். அன்றும் அப்படியே ஓடினோம். ஓடும்போது நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்: அவன் எப்போதோ வீட்டுக்குப் போயிருப்பான். போன வருடம் போகவில்லையா? இந்நேரம் தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

அவன் வீட்டில் இல்லை.

குழாயடியில் அத்தை நின்றுகொண்டிருந்தார். மற்ற வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக ஈரத்தோடு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் கேட்டார். ஒவ்வொருவரும் பின்னால் வருகிறான் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. புகை போட்டாயிற்று, ஆகவே அவன் மேலே இருந்திருக்க வேண்டும், ஆகவே பின்னால் வந்துகொண்டிருக்க வேண்டும். அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள்.

கூட்டம் சேர்ந்தது. கங்காணி வேலை பார்த்த மண்டோர் வந்தார். என் அப்பாவும் குடையோடு வந்து நின்றார். மண்டோர் பெரியண்ணனைக் கூப்பிட்டார்.

"கடைசியா எங்கடா பாத்த?"

பெரியண்ணன் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நான் அவன மேல பாக்கலங்க."

"பாக்காமயா பொகை போட்ட?"

"வால் வந்தாச்சுன்னு சொன்னான். ஆனா நான் கண்ணால பாக்கல. அவன் ஏறுன பக்கமே இருப்பான்னு தோணுதுங்க. அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்."

மண்டோர் என் பக்கம் திரும்பினார். அத்தை என் கையைப் பிடித்தார். அவர் கை சில்லிட்டிருந்தது.

"தம்பி, நீ சொல்லுப்பா. அவன் மேல வந்தானா?"

அந்த நிமிடத்தில்தான் எல்லாம் இருந்தது. என் அப்பா குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாலாக இருந்துகொண்டு ஒரு பையனை விட்டுவிட்டு வந்தேன் என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வேன் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு.

"வந்தான் அத்தை. நான் பாத்தேன். ஆத்துப் பக்கம் எறங்கினான்."

மண்டோர் பெரியண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். "கிராணி மகன் பொய் சொல்றானா? ஒன் தப்ப மறைக்க அந்தப் பக்கம் இந்தப் பக்கம்ங்கிற?"

நான் சொன்னது கிராணி மகன் சொன்னதாக இருந்தது. அவர் சொன்னது புல்வெட்டி சொன்னதாக இருந்தது. தோட்டத்தில் வேறு எதையும் யாரும் எடைபோட்டுப் பார்க்கவில்லை. டார்ச் லைட்டுகள் எல்லாம் ஆற்றுப் பக்கம் போயின.

இருட்டிய பிறகும் மழை நிற்கவே இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து மலை முழுதும் தெரியும். ஆற்றுப் பக்கம் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. ஏறின பக்கம் இருட்டு. நான் எழுந்து அப்பாவிடம் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவர் ஈரக் காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் தலையில் கை வைத்தார்.

"நீ படுத்துக்கோய்யா. நீ பாத்ததுனாலதான் எங்க தேடுறதுன்னாச்சும் தெரிஞ்சுது."

படுத்துக்கொண்டேன். அந்தப் படுக்கையிலும் உண்மையை மறைத்தேன். வாய் திறந்தால் போதும், காலையில் அவன் உயிரோடு இருப்பான் என்று தெரிந்தும், வாயை மூடிக்கொண்டு மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிவதற்கு முன்னால் பெரியண்ணன் யாரிடமும் சொல்லாமல் தனியாக ஏறின பக்கம் போயிருக்கிறார். தன் கண்ணை அவர் நம்பினார். நண்பன் மூங்கில் காட்டுக்குக் கீழே ஒரு பள்ளத்தின் விளிம்பில் கிடந்தான். வீட்டுக்குத் திரும்பும்போது வழுக்கி உள்ளே விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. பள்ளத்திலிருந்து பாதையை நோக்கி மண்ணைப் பிறாண்டி ஊர்ந்து வந்திருந்தான். பாதைக்குக் கைக்கெட்டும் தூரம்தான் மிச்சம். பெரியண்ணன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு லயத்துக்கு வந்தபோது உயிர் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் பார்த்துவிட்டு, ராத்திரியே தூக்கி வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொன்னார். அவர் அதைச் சொன்னபோது எல்லாரும் பெரியண்ணனைப் பார்த்தார்கள்.

அத்தை ஓடி வந்தார். குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை அள்ளிப் பெரியண்ணன் முகத்தில் எறிந்தார். "எம் புள்ளய வுட்டுட்டு வந்தியேடா பாவி! நீ வெளங்குவியா? ஒன் வம்சம் வெளங்குமா?" அத்தையின் மகனைத் தூக்கி வந்த தோளோடு பெரியண்ணன் அப்படியே நின்றார். கண்ணில் விழுந்த மண்ணைக்கூடத் துடைக்கவில்லை. கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். நான் அப்பாவின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஆற்றில் குளித்தவன் வழி தவறி மறுபடி மேலே ஏறி, ஏறின பக்கமாக இறங்கப் பார்த்து விழுந்தான் என்று பெரியவர்கள் ஒரு கதையைச் சேர்த்துக்கொண்டார்கள். மலைக்காரி கூட்டிக்கொண்டு போனாள் என்றும் சிலர் சொன்னார்கள். என்னை ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. பெரியண்ணனை அவர் அப்பாவே அடித்து விரட்டினார். கோல சிலாங்கூரில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அடுத்த வருடத்திலிருந்து மலையேற்றமும் நின்றுபோனது.

நான் படித்தேன். ஆசிரியரானேன். பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போனால் பஸ்ஸில் திரும்பத் திரும்பத் தலையெண்ணுவேன். சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். அதைப் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டது என் புத்தி.

போன வருட ஒன்றுகூடலில் உங்களில் ஒருவர் பேரப்பிள்ளைகளிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். "ஒரு முரடன் இருந்தான்லா, கூட்டிட்டுப் போன பையன மழையில வுட்டுட்டு வந்துட்டான், பையன் செத்துட்டான்." பிள்ளைகள் "ஐயோ" என்றார்கள். அன்றைக்கு நான் கை கழுவப் போகவில்லை. காருக்குப் போய் உட்கார்ந்து, உலு யாமில் மகள் வீட்டில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் போனேன்.

அத்தைக்கு எண்பதை நெருங்கும் வயது. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். "சார் வந்திருக்காரு, காப்பி போடும்மா" என்று மகளிடம் சொன்னார். காப்பி வருவதற்குள் நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முடிந்ததும் அத்தை கேட்டார்:

"தண்ணி கேட்டானா?"

"கேட்டான். கொஞ்சம் குடுத்தேன்."

"போத்தல்?"

"எடுத்துக்கிட்டுப் போயிட்டேன் அத்தை."

அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவன் உச்சியப் பாக்கவே இல்ல. நான் பொகையப் பாத்துக் கை தட்டினேனே. எம் புள்ள ஏறிட்டான்னு ஊரக் கூட்டிச் சொன்னேனே. போறதுக்கு முன்னாடி அத ஒண்ணாச்சும் பாத்துட்டான்னு இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்ன மன்னிச்சிடுங்க அத்தை."

அதை அவர் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. தலையை நிமிர்த்தினார். முகம் மாறியிருந்தது.

"அப்ப அந்தப் பையன்? நான் அவன் மூஞ்சியில மண்ண வாரி எறிஞ்சேனே. வம்சம் வெளங்காதுன்னேனே." அவர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்துக்கிட்டுத்தானே நின்ன?"

"ஆமா அத்தை."

"அவன் இருக்கானா?"

"கோல சிலாங்கூர்ல இருக்காரு."

"இரு. சேல மாத்திட்டு வரேன்."

மகள் தடுத்தார். நாளைக்குப் போகலாம் என்றார். அத்தை கேட்கவில்லை. காரில் பின்சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் செம்பனைக் காடு. அத்தைக்கு உண்மையைக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வலி அவருக்கு ஏற்கனவே இருந்தது. அதற்கு மேல் ஒரு குற்றத்தையும் கொடுத்துவிட்டேன்.

விசாரித்துப் போய்ச் சேர்ந்தோம்; பெரியண்ணன் வீடு ஆற்றோரம், வலைகள் காயும் ஒரு சின்ன மீனவர் கம்பத்தில், அதாவது கிராமத்தில் இருந்தது. அவர் வாசலில் உட்கார்ந்து படகு எஞ்சின் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. அத்தையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அத்தை அவர் எண்ணெய்க் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"அய்யா, ஒன்னத் திட்டினேனே. ஒன் மேல மண்ண அள்ளிப் போட்டேனே."

"மொதல்ல ஒக்காருங்க அத்தை. கையெல்லாம் எண்ணெய்."

நான் முன்னால் போனேன். "அண்ணே, அன்னிக்கு நான்..."

"தெரியும்." அவர் என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "நான்தான் அவன மேல பாக்கலயே. நீ ஒரு நாள் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். ரெண்டு மூணு வருசம் பாத்தேன். அப்புறம் வுட்டுட்டேன்லா."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அத்தையைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் நின்றேன். உள்ளே அவர் குரல் கேட்டது.

"நான் அங்க போய்ச் சேந்தப்ப உயிரோடதான் இருந்தான் அத்தை. அப்பவே சொல்ல வந்தேன். யாரும் கேக்கல."

"பேசினானா? எம் புள்ள பேசினானா?"

"பேசினான்."

அதற்குப் பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன், பிறகு காலைப் பின்னால் எடுத்துக்கொண்டேன். அத்தை அழுவது கேட்டது. நீண்ட நேரம் அழுதார். அழுகைக்கு நடுவே ஒரு தடவை, என்னால் நம்ப முடியவில்லை, சிரித்தார்.

வெயில் சாய்ந்த பிறகு அத்தை வாசலுக்கு வந்தார். கண்கள் வீங்கியிருந்தன. கையில் டீக் குவளை இருந்தது.

"நீ போ. இவன் என்னக் கொண்டாந்து வுடுவான்."

"நான் இருக்கேன் அத்தை. எவ்வளவு நேரமானாலும்..."

"வேணாம். போ."

உள்ளே போய்விட்டார். நான் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். அவன் கடைசியாகச் சொன்னது என்ன என்று இப்போது இரண்டு பேருக்குத் தெரியும். நான் கேட்கப்போவதில்லை. கேட்கும் இடத்தில் நான் இல்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஒன்றுகூடலில் பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொல்லும்போது, மழையில் பையனை விட்டுவிட்டு வந்தவன் யார் என்று சரியாகச் சொல்லுங்கள். பெரியண்ணனையும் ஒரு தடவை கூப்பிடுங்கள். அவர் வருகிற வருடம் நான் வரமாட்டேன்.